மழை விடாத திருவட்டாறும் அம்மாவின் கண் ஆபரேஷனும்

“ரெண்டே நாள்தான். செவ்வாய்க்கிழமை அதிகாலை ஷூட், புதன்கிழமை சாயங்காலம் ரயில்” என்று சொல்லித்தான் ஆபீஸில் அனுப்பினார்கள். வியாழக்கிழமை சென்னையில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நான்தான் கூட இருப்பதாகப் பேச்சு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஜூன் மாதத்தை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களைப் பற்றி ஒரு வீடியோ. இருட்டு பிரிவதற்குள் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இந்த அவசரம். சரி, மழை பெய்தால்? வெட்டே கிடையாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து ஓடும். இறங்கினாலும் மழைத் தண்ணீர் கலந்து வீணாகும். மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் பாவாடை மாதிரி ‘ரெயின் கார்டு’ கட்டினால் சமாளிக்கலாம். நான் போன தோட்டத்தில் இன்னும் கட்டவில்லை.

செவ்வாய் மழை. புதனும் மழை.

சும்மா இருந்த மதியத்தில் பக்கத்திலிருக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம். 1966-ல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 28 தூண்கள், 115 அடி உயரம். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் பாசனத் தண்ணீர் பாலத்தின் மேலேயே நடந்து போகிறது. ‘மனசு சரியில்லையா? இந்த இடத்துக்கு ஒரு விசிட் போங்க’ என்று நானே பத்துக் கட்டுரையாவது எழுதியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், ஒன்றும் சரியாகவில்லை. கீழே அத்தனை பச்சையையும் பார்த்துக்கொண்டே ரயில் டிக்கெட் ஆப்பைத்தான் திறந்து திறந்து மூடினேன்.

அன்று சாயங்காலம் எடிட்டர் போன் செய்து, “கிளம்பி வர்றதுன்னா வந்துடு, முடிவு உன்னோடது” என்றார். வெறுங்கையோடு திரும்ப மனசில்லை. டிக்கெட்டை கேன்சல் செய்தேன். ராத்திரி தம்பி பேசினான். “நான் பாத்துக்கறேன்க்கா, டென்ஷன் ஆகாத” என்றான். அதற்கே அவன்மேல் எரிந்து விழுந்தேன். மழை, ரூமில் கிடைக்காத நெட்வொர்க், ஆபீஸ் என்று இருபது நிமிடம் ஒரே புலம்பல். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அம்மா சாப்பிட்டாரா, சொட்டு மருந்து விட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம் போனைக் கொடு என்றுகூடச் சொல்லவில்லை.

வியாழன் காலையும் தூறல். பால் வெட்டும் அக்கா ஒருவர் வீட்டுத் திண்ணையில் கட்டன் சாயாவோடு உட்கார்ந்திருந்தேன். வெட்டு இல்லாத நாளில் அவருக்குக் கூலி இல்லை. நான் மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவரோ ஓட்டுக்குக் கீழே பாத்திரம் வைத்து மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ‘நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து ஆறுதல் அடையுங்கள்’ என்பார்களே, அது எனக்கு எப்போதும் ஒட்டியதில்லை. அவர் கூலி போனது எனக்கு எப்படி ஆறுதலாகும்? அவர் சொன்ன வேறொரு விஷயம்தான் உதவியது.

“எனக்க மவன் துபாயில நிக்கியான். போன் எடுத்தா வேலைக்க கததான் முதல்ல வரும். சூப்பர்வைசரு அப்படி, ரூமு இப்படின்னு. நான் சொல்லியாச்சு மக்களே. முதல்ல சோறு தின்னியான்னு நான் கேப்பேன், நீயும் கேளு. வேலைக்க கத பெறவு.”

அவர் ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. டிக்கெட்டை கேன்சல் செய்தது நான். ஆனால் கோபமெல்லாம் மழைமேலும் தம்பிமேலும். அம்மா பக்கத்தில் இல்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் வேலைமேல் எரிச்சலாக வேஷம் போட்டுக்கொண்டிருந்தது. அது புரிந்ததும் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி குறையவில்லை. தங்கியது சரியான முடிவுதானா என்று இன்றும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது.

சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப்போய் வீட்டுக்குப் பேசினேன். அம்மா ஆபரேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இட்லியா தோசையா, எந்தச் சேலை, பயமா இருக்கா, இவ்வளவுதான் கேட்டேன். “கொஞ்சம் பயமாத்தான் இருக்கு” என்றார். முந்தின நாள் நான் கத்திய கத்தலில் இதைச் சொல்ல அவருக்கு இடமே இருந்திருக்காது.

சாயங்காலம் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். 2022 ஜூலை 6-ல், 418 வருடங்களுக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்ததே, அதே கோயில். அப்போது வந்த செய்திகளையெல்லாம் சென்னையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தவள் நான். ஆனாலும் ஒன்று தெரியாமல் இருந்திருக்கிறேன். 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளை ஒரே வாசலில் நின்று முழுதாகப் பார்க்க முடியாது. மூன்று வாசல். முகத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று. நகர்ந்து நகர்ந்துதான் பார்க்க வேண்டும். நான் முதலில் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பப் போனேன். பக்கத்தில் நின்ற பாட்டி கையைப் பிடித்து இழுத்து, “அங்கயும் போய்ப் பாரு மோளே” என்று அனுப்பிவைத்தார்.

அன்று ராத்திரி எடிட்டருக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: ‘பால் வெட்டு கிடைக்கலைன்னா, வெட்டு இல்லாத நாளையே எடுக்கறேன்.’ மழை நாளில் அடுப்பு எப்படி எரிகிறது, கடைக்காரரிடம் எத்தனை நாள் கடன் சொல்ல முடியும், கத்தியைத் தீட்டிவைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும். வெள்ளிக்கிழமை முழுக்க அதைத்தான் எடுத்தோம். முதலில் நினைத்த வீடியோவைவிட இது நன்றாக வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. (எடிட்டர் “நீளம்” என்றார்.)

சனிக்கிழமை விடியலில் மழை விட்டிருந்தது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அக்கா மரம் மரமாகப் போக, வெள்ளைக் கோடு மெதுவாகச் சிரட்டைக்குள் இறங்கியது. படமெடுத்து முடித்ததும் அம்மாவின் வீடியோ கால். முந்தின நாளே கட்டைப் பிரித்துவிட்டார்கள். கருப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார்.

“ஏண்டி, அங்க சீப்பே கிடைக்காதா?”