வரைபடத்தில் வாய்க்கால் எங்கே?

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் பேருந்தில், ஒரத்தநாட்டை நெருங்கும் வேளையில், சன்னலோரம் அமர்ந்து வெளியே பாருங்கள், தோழர்களே! பச்சை வயல், அதனை அடுத்தும் பச்சை வயல், பிறகு திடீரென்று ஒரு செம்மண் மேடு. மேட்டின்மீது வரிசை பிடித்து நிற்கும் மஞ்சள் கற்கள். வாயிலிலே வண்ணக் கொடிகள். "அங்கீகாரம் பெற்ற மனைகள், எளிய தவணை" என்று அறிவிக்கும் பெரியதொரு பலகை.

போன ஆண்டு அங்கே சம்பா நின்றது. இந்த ஆண்டு கல் நிற்கிறது.

வீடு கட்டக்கூடாது என்கிறோமா? இல்லை. நிலத்தை விற்றவர்மீது வெகுளியா? அதுவும் இல்லை. மனை வாங்கியவர்மீது வன்மமா? அறவே இல்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வயலைத் தொட்டுக்கொண்டு ஓடி, அடுத்த வயலுக்கும் அதற்கடுத்த வயலுக்கும் தண்ணீர் கொடுத்துவந்த கன்னி வாய்க்கால் எங்கே போயிற்று? அதன்மீது மண் கொட்டலாம் என்று இசைவு தந்தவர் யார்? இசைவு தருமுன் எவரைக் கேட்டார்?

ஒரத்தநாடு என்றதும் முத்தம்பாள் சத்திரத்தைக் காட்டுவார்கள். மராட்டிய மன்னர் சரபோசி எழுப்பியது என்பார்கள். மன்னர் எழுப்பிய சத்திரத்தைவிட நமக்குப் பெரியது, மண்வெட்டி பிடித்த ஏழைகள் வெட்டிய கால்வாய். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. அந்தத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டதே கல்லணைக் கால்வாய். தொண்ணூறு ஆண்டு கடந்தும் நம் மக்கள் வாயில் அதற்குப் பெயர் புது ஆறு! ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் ஏக்கருக்கு நீர் வார்க்கிறது அந்த ஆறு.

2021-இல் அந்தக் கால்வாயைப் புதுப்பிக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் பெரிய கால்வாய் தானே நடந்துவந்து நாற்றங்காலில் நிற்பதில்லையே! மதகு திறக்க வேண்டும். கிளை வாய்க்காலில் இறங்க வேண்டும். அங்கிருந்து கன்னி வாய்க்காலில் பிரிய வேண்டும். ஒருவன் வயல் நிறைந்து, வரப்பு வெட்டி, அடுத்தவன் வயலுக்குப் பாய வேண்டும். கடைமடையில் ஒரு மா நிலம் வைத்திருப்பவன் வீட்டில் உலை கொதிப்பது, மேலே பத்துப் பேர் வயலைத் தாண்டித் தண்ணீர் வந்து சேர்வதைப் பொறுத்தது. பெரிய கால்வாய்க்குக் கோடிக்கணக்கில் பணம். சின்ன வாய்க்காலுக்கு லாரி லாரியாகச் செம்மண் என்றால், தாய்க்கு மருந்து கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குப் பாலை நிறுத்துவதன்றி வேறென்ன?

பாய்வது மட்டுமா? வடிவதும் வேண்டுமே! ஐப்பசி, கார்த்திகை மழையில், வயலில் நிற்கும் வெள்ளம் வடிகால் தேடி ஓடுகிறது. வழியில் இரண்டடி உயரத்துக்கு மேடாக்கிய மனைப்பிரிவு குறுக்கே நின்றால், மேலிருப்பவன் பயிர் மூழ்கி அழுகும். குறுவையில் காய்ச்சல், சம்பாவில் அழுகல். நட்டவள் கூலி நட்டத்தோடு போகும். அறுப்பவனுக்கு ஆளே தேவைப்படாது. நிலம் இல்லாத தொழிலாளியின் நிலைமை இது. அவன் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை; ஆகவே எந்தக் கோப்பிலும் இல்லை!

சட்டம் இல்லையோ என்று கேட்பீர்கள். சட்டத்துக்கா பஞ்சம்! 1920-இலேயே சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன்பின் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். பெருந்திட்டம் வகுக்கப்படாத பகுதியில் விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு பெற வேண்டும் என்று 2017-இல் விதி வகுத்தார்கள். 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் வந்தன. மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும். இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், சாலை நீங்கலாக மிஞ்சியதில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு, அதையும் எழுதிக்கொடுக்க வேண்டும். வருவாய்த்துறை பார்க்கிறது, வேளாண்மைத்துறை கருத்துச் சொல்கிறது, நீர்வளத்துறை சான்று தருகிறது. மேசைக்கு மேசை கோப்பு நடக்கிறது.

எத்தனையோ மேசை ஏறி இறங்கும் கோப்பு, ஊர்ச் சாவடிக்கு மட்டும் வருவதில்லை!

அதிலேதான் இருக்கிறது ஆபத்து. அதிகாரி கையில் இருப்பது புலப்படம். புறம்போக்கு வாய்க்கால் என்றால் அதில் கோடு உண்டு. பட்டா நிலத்துக்குள்ளேயே, பாட்டன் காலத்துப் பேச்சுவார்த்தையில், "உன் வயல் வழியே என் தண்ணீர், என் வரப்பு வழியே உன் வண்டி" என்று ஏற்பட்ட வாய்க்காலுக்குக் கோடு ஏது? அந்த வாய்க்கால் காகிதத்தில் ஓடவில்லை, பழக்கத்தில் ஓடுகிறது. அதனை அறிந்தவர், கோடையிலும் மழையிலும் அந்த வரப்பில் நடந்தவர். குத்தகைக்காரருக்குத் தெரியும். மடை திறக்கும் முதியவருக்குத் தெரியும். நடவு நடும் அம்மாவுக்குத் தெரியும். அவர்களைக் கேளாமல் எழுதும் அறிக்கையில் "பாசனத்துக்குப் பாதிப்பில்லை" என்ற வரி எளிதாக விழுந்துவிடுகிறது. அதிகாரி நேர்மையானவராகவே இருக்கட்டும். காணாததை அவர் எப்படிக் காண்பார்?

ஊர் முழுவதற்கும் பெருந்திட்டம் வகுக்கும்போது, அதனை வெளியிட்டு, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் மக்களின் ஆட்சேபம் கேட்கச் சொல்கிறது 1971 சட்டம். ஆனால் ஒரு தனி மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு மனு வந்தால், அந்த வரைபடத்தை ஊரில் ஒட்டி, பக்கத்து வயற்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கும் கட்டாயம் கிடையாது. பெரிய படத்துக்கு மக்கள் வேண்டும். சின்னப் படத்துக்கு வேண்டாமாம்! வாய்க்கால் செத்துப்போவது சின்னப் படத்தில்தானே?

இனி, மறுபக்கத்தையும் பார்ப்போம். மனை வாங்குகிறவர் யார்? பண்ணையாரா? சிங்கப்பூரில் கட்டட வேலை செய்தவர். வளைகுடாவில் வெயிலில் வெந்தவர். திருப்பூரில் இரவு ஷிப்ட் பார்த்தவர். மாதத் தவணையாக மனைக்குப் பணம் கட்டுகிறவர். அவரும் நம்மவரே! 2016 செப்டம்பர் 9-ஆம் நாள், அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, திகைத்து நின்றவர் அவர்தான். மனை விற்றவர் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டார். தரகர் தம் பங்கோடு போய்விட்டார். தவணை கட்டியவர் கையில் மட்டும் காகிதம் மிஞ்சியது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதி செய்தார்கள். காலக்கெடுவை மறுபடி மறுபடி நீட்டினார்கள். கட்டணம் கட்டினால் கோப்பு நேராகும். மூடிய வாய்க்கால் நேராகுமா? மழை வந்தால் அந்த மனையிலேயே முழங்கால் தண்ணீர் நிற்கும். வயற்காரன் அழுவது ஒருபுறம். வீட்டுக்காரன் அழுவது மறுபுறம். ஊரைக் கேட்டிருந்தால் இருவரும் அழ வேண்டியதில்லை.

"பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-இல் சட்டம் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?" என்பார் சிலர். வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களையும் அது காக்கும் என்றார்கள். எண்ணெய், எரிவாயுக் கிணறு புதிதாக வேண்டாம் என்றது. துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலை வேண்டாம் என்றது. தோல் பதனிடும் ஆலை வேண்டாம் என்றது. மீத்தேனை எதிர்த்துத் தெருவில் நின்ற உழவர்களின் வெற்றி அது. குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அது தடுக்கும் தொழில்களின் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. வாயிற்கதவைத் தாழிட்டோம், கொல்லைப்புறம் திறந்தே கிடக்கிறது.

"விவசாயம் கட்டுபடியாகவில்லை; என் நிலம், நான் விற்கிறேன்; உனக்கென்ன?" என்று கேட்கும் உழவரும் உண்டு. அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உரவிலை ஏறுகிறது, நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடக்கிறார், மகளுக்குத் திருமணம், மகனுக்குப் படிப்பு. விற்காதே என்று சொல்ல நாம் யார்? அவரிடம் பணிவோடு ஒன்று சொல்வோம்: ஐயா, வயல் உங்களுடையது, வாய்க்கால் ஊருடையது. உங்களுடையதை விற்க உங்களுக்கு உரிமை உண்டு. ஊருடையதையும் சேர்த்து விற்க எவருக்கும் உரிமை இல்லை.

பிற நாட்டில் எப்படி? இங்கிலாந்தில் 1947-இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. இன்று அங்கே ஒருவர் கட்டடம் கட்ட மனுப்போட்டால், அந்த இடத்திலேயே அறிவிப்பு ஒட்டுகிறார்கள், அல்லது பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் போகிறது. 21 நாள் அவகாசம். முக்கியமான மனுக்களை, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் குழுவாக அமர்ந்து, மக்கள் முன்னிலையிலேயே விவாதிக்கிறார்கள். சீமை எட்டாத் தூரம் என்றால், பக்கத்து வீடான கேரளத்தைப் பாருங்கள். 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். ஊருக்கு ஊர் கண்காணிப்புக் குழு. தலைமை, ஊராட்சித் தலைவர். அமைப்பாளர், வேளாண் அலுவலர். உடன், நெல் விளைவிக்கும் உழவரின் பிரதிநிதிகள் மூவர். வேறு இடமில்லாத ஏழை, ஊராட்சியில் 10 சென்ட் வரை தன் வீட்டுக்காகக் கேட்கவும் வழி வைத்தார்கள். 2018-இல் வந்த திருத்தம் அந்தச் சட்டத்தின் பிடியைச் சற்றுத் தளர்த்தியது என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும், வயலையும் வீட்டையும் பகையாக்காமல், ஊரைக் கூட்டிவைத்துத் தீர்க்க முடியும் என்பதற்கு அது சான்று.

நம்மிடமே சான்று இல்லையா? ஊரமைப்புச் சட்டம் உருவான அதே 1971-ஆம் ஆண்டில்தான், உழவுத் தொழிலாளி குடியிருந்த மனையை அவனுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டமும் வந்தது. "எழுந்து போ" என்றால் போக வேண்டியிருந்தவன், "இது என் வீடு" என்று நிமிர்ந்தான். ஆகவே மனை என்றாலே நமக்கு ஆகாது என்று எவரும் எண்ண வேண்டாம். ஏழைக்கு மனை வேண்டும். அதனை வாய்க்கால் ஓடாத மேட்டு நிலத்தில், சாலையோடும் வடிகாலோடும் தேடித் தருவது அரசின் கடமை.

ஆகவே நாம் கேட்கிறோம். மனைப்பிரிவுக்கு மனு வந்தால், அதன் வரைபடத்தைத் தமிழில், ஊராட்சி அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் 30 நாள் ஒட்டுங்கள். கிராமசபையில் வைத்துப் படியுங்கள். இடம் பார்க்க வரும் அதிகாரி, குத்தகைக்காரரையும் விவசாயத் தொழிலாளியையும் உடன் அழைத்து, வாய்க்காலின் தலையிலிருந்து கடைமடை வரை நடந்து பார்க்கட்டும். ஊர் சொன்ன ஆட்சேபத்தை ஏற்றாலும், தள்ளினாலும், காரணத்தை எழுத்தில் தரட்டும். இவ்வளவுதான். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். பசையும் காகிதமும் போதும்!

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்போமா? தஞ்சை உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போயிற்று. தலைவர் இல்லாத நாளில் ஊர்தான் தலைவர்! சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபை. தேநீர் குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையும் கூட்டமாக அதனை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் எந்தெந்தச் சர்வே எண்ணில் மனைப்பிரிவு மனு நிலுவையில் இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். சொல்ல மறுத்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்குப் பத்து ரூபாய். பேரூராட்சிக்குள் இருப்போர், மன்ற உறுப்பினரை மறித்துக் கேளுங்கள். மனை வாங்கப் போகும் தோழர், பலகையை நம்பாமல், அங்கீகார எண்ணை வாங்கி ஊரமைப்பு அலுவலகத்தில் சரிபாருங்கள். வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று அந்த ஊர் முதியவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலாக ஒரு வேலை செய்யுங்கள். கிளைத் தோழர்கள் நாலுபேர் சேர்ந்து, ஊர்ப் பெரியவரை முன்னே நடக்கவிட்டு, மதகிலிருந்து கடைமடை வரை ஒருநாள் நடங்கள். புலப்படத்தில் இல்லாத ஒவ்வொரு வாய்க்காலையும் ஒரு தாளில் வரையுங்கள். அடுத்த கிராமசபையில் அந்தத் தாளைத் தீர்மானத்தோடு இணையுங்கள். நாளை, "வரைபடத்தில் வாய்க்கால் எங்கே?" என்று அதிகாரி கேட்டால், "இதோ" என்று எடுத்து வையுங்கள்!