வீட்டுத் தொட்டிக்கு வரும் பவளமும் நம் பொறுப்பும்



கடலே இல்லாத ஊர் நம்முடையது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயினும் அண்மைக் காலமாக உப்புநீர் மீன்தொட்டிகள் நம் வீடுகளின் வரவேற்பறைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே காசு கொடுத்தால் கிடைக்காத பொருள் இல்லை. தொழிற்சாலைகளில் நல்ல ஊதியம் பெறும் இளைஞர்கள் முதலில் மீன் வாங்குகிறார்கள், பிறகு பவளத்தின் மீது ஆசை கொள்கிறார்கள். "ஹஜ்ரத், பவளம் வளர்ப்பது கூடுமா?" என்று கேட்கவும் செய்கிறார்கள். ஒரே சொல்லில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று இது.

உயிரினங்களை வீட்டில் வளர்ப்பது அடிப்படையில் ஆகுமானதே. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் வளர்த்த சிறு குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவுடன் விசாரித்த செய்தி நமக்குத் தெரிந்ததுதான். ஷாஃபியீ அறிஞர் இப்னுல் காஸ் அந்த ஒரு ஹதீஸிலிருந்தே அறுபது படிப்பினைகளைத் திரட்டினார். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியும் அதே ஹதீஸ் நூல்களில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அனுமதி உண்டு, அடைத்து வைத்தவர் மீது முழுப் பொறுப்பும் உண்டு.

பூனையாவது கத்தும். பவளம் கத்தாது. பலர் அதைக் கல் என்றே எண்ணுகிறார்கள், சிலர் செடி என்கிறார்கள். உண்மையில் அது விலங்கு. ஆயிரக்கணக்கான நுண்ணிய உயிர்கள் ஒட்டி வாழும் குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியிலிருந்து உணவு சமைத்துக் கொடுக்கின்றன. பவளத்தின் உணவில் பெரும்பங்கு இப்படி வருவதே. வெப்பமோ ஒளியோ திடீரென மாறினால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். நீடித்தால் பட்டினியால் சாகும். (அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வரும் 'மர்ஜான்' பவளமா, சிறு முத்துகளா என்பதில் விரிவுரையாளர்களிடையே இரு கருத்துகள் உண்டு. பாடத்தில் இந்த இடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் விழித்துக்கொள்வார்கள்.)

வளர்ப்பு முறைக்கு முன் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், திட்டுகளை உருவாக்கும் கற்பவளங்கள் அனைத்தும் இடம்பெற்றுள்ளன. கரும்பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. கடற்கரை ஊரில் அலங்காரத்துக்கு வாங்கி வரும் உலர்ந்த பவளத்துக்கும் இதே சட்டம்தான். "எல்லாரும் விற்கிறார்கள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்னும் கடைக்காரர் பேச்சு நமக்கு ஆதாரமாகாது. திருடிய பொருள் என்று தெரிந்தபின் வாங்குவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கற்பவளம் வேண்டவே வேண்டாம். அந்தப் பட்டியலில் இல்லாத மென்பவளங்களையும், எங்கிருந்து வந்தன என்பதற்கு முறையான சீட்டு இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நம் மாநிலக் கடலிலேயே இருக்கிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுக் கூட்டங்களில் ஒன்றுக்கு நம் கீழக்கரையின் பெயர்தான். பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளம் வெட்டி எடுக்கப்பட்டதில் இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கின. அதற்கு மேல் 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு, அழிந்த திட்டுகளை மீட்க உழைக்கிறார்கள். சொந்தக் கடலுக்குள்ளேயே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் துண்டைக்கூட அவர்கள் மாதக்கணக்கில் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. நாமோ நெகிழிப் பையில் கட்டி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, வந்த வேகத்தில் தொட்டிக்குள் போடுகிறோம்.

முறையாக வாங்கிய மென்பவளம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொட்டி அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும். புதுத் தொட்டியில் கழிவை அம்மோனியாவிலிருந்து நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நீரும் நம் ஊரில் பெரிய சிக்கல்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இங்கு வந்ததற்கே நிலத்தடி நீரின் ஃபுளோரைடு ஒரு காரணம். ஆழ்துளைக் கிணற்று நீரோ குளோரின் கலந்த குழாய் நீரோ ஆகாது, ஆர்.ஓ. நீரில், கடல்நீர்த் தொட்டிகளுக்கென்று விற்கும் உப்பைக் கலக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்குமாறு அளந்து பார்க்க வேண்டும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். வீடு கழுவலாம், ஒளூச் செய்யவும் தடையில்லை.

பவளம் வந்ததும் தொட்டியின் விளக்கை அணையுங்கள். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் நீரின் மேல் மிதக்க விட்டால் வெப்பம் சமமாகும். பிறகு பவளத்தை ஒரு வாளியில் பை நீரோடு வைத்து, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இறக்குங்கள். அரைமணி, முக்கால் மணியில் நீர் இரு மடங்காகும். ஒட்டுண்ணிகள் நீங்க, அதற்கான மருந்து நீரில் சீட்டில் குறித்த நேரம் மட்டும் முக்கி எடுத்து, தொட்டியின் அடித்தளத்தில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வையுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக ஒளியைக் கூட்டலாம். முதல் நாட்களில் பவளம் சுருங்கிக் கிடக்கும், கோழை போன்ற நீரும் கசியும். அதைக் கண்டு பதறி இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் பெரும்பாலும் அதைச் சாகடிக்கிறார்கள். பக்கத்துப் பவளத்தோடு ஒட்ட வைக்காதீர்கள். அவை ஒன்றையொன்று கொட்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டார் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். தொடக்கநிலையினருக்கு மலிவாக விற்கப்படும் ஜோவாந்திட் எனும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றைத் தொடவோ வெட்டவோ கூடாது. அவை ஒட்டியிருந்த கல்லைக் கொதிநீரில் போட்டால் எழும் ஆவியே ஒரு குடும்பத்தையே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். பிற நாடுகளில் இப்படி நடந்திருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், நம் பகுதியின் பெரும்பாலான வீடுகளுக்குப் பவளம் பொருந்தாது. கணவரும் மனைவியும் வெவ்வேறு ஷிப்டில் இருக்க, உப்பின் அளவை யார் பார்ப்பது? நீர் 25 பாகையை ஒட்டியே இருக்க வேண்டும். மார்கழி இரவில் மின்சாரம் போய் ஹீட்டர் அணைந்தால் மாற்று ஏற்பாடு இருக்கிறதா? விளக்கு, பம்பு, உப்பு என்று ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தீர்களா? இவற்றுக்கு விடை இருப்பவர் வளர்க்கட்டும், நான் தடுக்கவில்லை. விடை இல்லாதவர் பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் மண்டபத்துக்கோ கீழக்கரைக்கோ அழைத்துச் சென்று, அந்தக் கடலைக் கரையில் நின்று காட்டலாம். பயணச் செலவு ஒரு நல்ல தொட்டி விளக்கின் விலையைவிடக் குறைவுதான்.

ஏற்கெனவே கற்பவளம் வைத்திருப்பவர்கள் அஞ்சி அதை ஏரியில் எறிந்துவிட வேண்டாம். நன்னீரில் அது உடனே செத்துப்போகும். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு மாவட்ட வனத்துறை அலுவலகத்தை அணுகுங்கள். அதுவரை தொட்டி விளக்கையும் ஹீட்டரையும் நிறுத்தாதீர்கள்.