18 வயதானால் பசி தீர்ந்துவிடுமா?

தகப்பன் கைவிட்டுப் போன பிள்ளைக்கு எதுவரை ஜீவனாம்சம் என்றால், நம் சட்டம் இரண்டு எல்லைக்கல் நட்டு வைத்திருக்கிறது. ஒன்று பிறந்த நாள், மற்றொன்று தாலி.

வெள்ளைக்காரன் எழுதிய 1898 ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் "தன்னைக் காப்பாற்றிக் கொள்ள முடியாத பிள்ளை" என்றுதான் சொல்லிற்று; வயதைச் சொல்லவில்லை. பிள்ளை என்றால் மைனர் என்று மட்டும் அர்த்தமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டும் 1969 இல் சொல்லிற்று. சுயராஜ்ய சர்க்கார் 1973 இல் எழுதிய சட்டம் வந்ததுதான் தாமதம், மேஜரான பிள்ளைக்கு உடலிலோ மனதிலோ ஊனமிருந்தாலன்றி ஒரு காசும் இல்லையென்றாகிவிட்டது. 2024 ஜூலை முதல் அது புதுச் சட்டத்தில் 144 ஆவது பிரிவாக நம்பர் மாறியதே தவிர, இந்த நிபந்தனை மாறவில்லை. பிளஸ் டூ முடிவதும் 18 வயதாவதும் ஏறக்குறைய ஒரே சமயம். கல்லூரிச் சம்பளம் கட்டவேண்டிய மாதத்தில் தகப்பனுக்கு விடுதலை!

"ஏன், 1956 ஆம் வருஷத்து இந்துச் சட்டம் கலியாணமாகாத பெண்ணுக்குக் கொடுக்கிறதே" என்பார்கள். கொடுக்கிறது, சம்பாத்தியமும் சொத்துமில்லாத பெண்ணுக்கு. கிறிஸ்துவப் பெண்ணுக்கு இந்தச் சட்டமில்லை, படிக்கிற மகனுக்குமில்லை. இந்துப் பெண்ணுக்காவது சுலபமாய்க் கிடைக்கிறதா? அரியானாவில் ரேவாரி ஊர்ப் பெண்ணின் வழக்கைப் பாருங்கள். மனுப் போட்டது 2002. பெண் மேஜரானது 2005. மேஜராகும் வரைக்கும் ஜீவனாம்சம் என்று மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னதோ 2011! சுப்ரீம் கோர்ட் 2020 இல், "இந்தச் சட்டத்தில் முடியாது, 1956 ஆம் வருஷத்துச் சட்டப்படி வேறு வழக்குப் போட்டுக்கொள்" என்றது. பதினெட்டு வருஷம் நடந்த பிறகு மறுபடியும் முதல் படி.

தாலி ஏறியதும் தகப்பன் பாரம் இறங்கிற்று என்பது மனுவின் ஏற்பாடல்லாமல் வேறென்ன? பெண் ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு மாறும் சரக்கா? நம் கொங்கு நாட்டு நூல் மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்று பெயர் வைத்து, வயதுப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கலியாணத்துக்குத் தொகை தருவதாய் ஆசை காட்டினார்களே, அந்தத் தாலியின் விலையையும் அவளே அல்லவா உழைத்துக் கட்டினாள்?

மேஜரானவன் உழைத்துத் தின்னட்டுமே என்கிறார்கள். காந்திபுரத்தில் கடை வைத்திருப்பவராகட்டும், தோட்டங்காட்டுப் பண்ணையக்காரராகட்டும், கூட இருக்கிற மகனுக்கு 25 வயதிலும் படிப்புச் செலவு செய்கிறார். யாரும் வயது கேட்பதில்லை. தள்ளி வைத்த மனைவியின் பிள்ளைக்கு மாத்திரந்தான் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. ஜெர்மனியின் சிவில் சட்டம் பிள்ளை ஒரு தொழிலுக்குத் தகுதியாகும் படிப்புச் செலவையும் பெற்றோர் கடமையில் சேர்த்திருக்கிறது. படிக்காமல் சுற்றுகிற சோம்பேறிக்குக் கொடு என்று நாம் சொல்லவில்லை. ஆணோ பெண்ணோ, எந்த மதமோ, ஒரு தொழில் கற்று முடிக்கும் வரை தகப்பன் கொடுக்க வேண்டுமென்று 144 ஆவது பிரிவிலேயே எழுத வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை நிறுத்தி இதைக் கேளுங்கள்.