வங்கிக் கணக்கோடு வரும் காப்பீடு: மூத்தோர் பயணத்துக்குப் போதுமா?

காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் ஏறும் ஒருவர் வண்டி மாறாமலே சென்ட்ரலிலும் இறங்கலாம், விமான நிலையத்திலும் இறங்கலாம். 2021 பிப்ரவரியில் இவ்வசதி வந்தபின், நம் பகுதி மூத்தோர் வெளியூர் புறப்படுவது எளிதாகிவிட்டது. துறைமுகத்திலும், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் இன்று காசிக்கும் இராமேசுவரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்கிறார்கள். பிள்ளைகளைக் காணச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறக்கிறார்கள். மகிழத்தக்க மாற்றம் இது. ஆனால் புறப்படுமுன் "காப்பீடு உண்டா?" என்று கேட்டால் பலரும் கூறும் விடை ஒன்றே: "வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது."

அவ்விடை பாதி உண்மை. மீதிப் பாதியின் விலையை எங்கள் குடும்பம் அறியும்.

என் பெரியப்பா தம் 68ஆம் வயதில் பெரியம்மாவுடன் காசிக்குச் சென்றார். மூன்றாம் நாள் இரவு அவருக்கு நெஞ்சுவலி கண்டது. அங்குள்ள மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தபோது, அண்ணன் முதலில் தேடி எடுத்தது பெரியப்பாவின் பாஸ்புக்கை. ஆண்டுதோறும் மே மாதத்தில் 20 ரூபாய் காப்பீட்டுக்கென்று பிடிக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை வங்கிக் கிளை திறக்கும்வரை வாசலில் காத்திருந்தோம். அங்கிருந்த அலுவலர் பொறுமையாக விளக்கினார்: "ஐயா, இது விபத்துக் காப்பீடு. நோய்க்கு இதில் வழி இல்லை." வீட்டு நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. பெரியப்பா நலமாகத் திரும்பினார். நகைகள் திரும்ப நெடுநாள் ஆயிற்று. வங்கி எங்களை ஏமாற்றவில்லை. எதை வாங்கியிருக்கிறோம் என்று நாங்கள்தாம் கேட்டறியவில்லை.

ஆகவே, வங்கிக் கணக்கோடும் பயணச் சீட்டோடும் வரும் காப்பீடுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, மேற்சொன்ன 20 ரூபாய்த் திட்டம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் இத்திட்டம் 2015 மே மாதம் தொடங்கப்பட்டது. அப்போது 12 ரூபாயாக இருந்த ஆண்டுக் கட்டணம் 2022 ஜூன் முதல் 20 ரூபாயாயிற்று. விபத்தில் உயிரிழந்தாலோ முழுமையான நிரந்தர ஊனம் நேர்ந்தாலோ 2 இலட்சம் ரூபாயும், பகுதியளவு நிரந்தர ஊனத்துக்கு 1 இலட்சம் ரூபாயும் கிடைக்கும். விபத்தே நேர்ந்தாலும் மருத்துவமனைச் செலவு இதில் திரும்பக் கிடைக்காது. 70 வயது நிறைந்ததும் பாதுகாப்பு முடிந்துவிடும். இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு வைத்து ஒவ்வொன்றிலும் 20 ரூபாய் கட்டியிருந்தாலும் இழப்பீடு ஒருமுறைதான்.

இரண்டாவது, ஜன் தன் கணக்கோடு தரப்படும் ரூபே அட்டையின் விபத்துக் காப்பீடு. 2018 ஆகஸ்ட் 28க்குப் பின் தொடங்கிய கணக்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய். அதற்கு முந்தையவற்றுக்கு 1 இலட்சம் ரூபாய். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விபத்துக்கு முந்தைய 90 நாள்களுக்குள் அந்த அட்டையை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். நம் மூத்தோர் பலர் அட்டையைப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, வங்கிக்கு நேரில் சென்று பணம் எடுப்பவர்கள். அவர்களுக்கு இக்காப்பீடு பெயரளவில்தான் இருக்கிறது.

மூன்றாவது, ஐஆர்சிடிசி இணையதளத்தில் இரயில் பயணச்சீட்டு எடுக்கும்போது 45 பைசாவுக்குக் கிடைக்கும் காப்பீடு. இது வங்கியைச் சார்ந்ததன்று. எனினும் மூத்தோர்க்கு மிகப் பயனுள்ளது. இரயில் விபத்தில் உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் 10 இலட்சம், பகுதி ஊனத்துக்கு 7.5 இலட்சம், காயத்துக்கான மருத்துவமனைச் செலவுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை இதில் கிடைக்கும். ஆனால் நிலையத்துக் கவுண்டரில் வாங்கும் சீட்டுக்கு இது கிடையாது. இணையத்தில் எடுக்கும்போதும் "காப்பீடு வேண்டும்" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர் கைப்பேசிக்கு வரும் இணைப்பில் நியமனதாரரின் பெயரைப் பதிய வேண்டும். பேரப்பிள்ளைகள் சீட்டு எடுத்துத் தரும் வீடுகளில் இந்தக் கடைசி வேலையே பெரும்பாலும் விடுபடுகிறது.

நான்காவது, சில கடன் அட்டைகளும் உயர்நிலைக் கணக்குகளும் அளிக்கும் வெளிநாட்டுப் பயணக் காப்பீடு. விமான விபத்துக்குப் பெருந்தொகை என்று விளம்பரத்தில் காணலாம். விமானச் சீட்டை அதே அட்டையில் வாங்கியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் சிறிய எழுத்தில் இருக்கும். அவசர மருத்துவச் செலவு சேர்க்கப்பட்டிருந்தாலும், வயது வரம்பும், முன்பே உள்ள நோய்களுக்கு விலக்கும் பெரும்பாலும் உடன் இருக்கும். மேலும் இவை வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே செய்துகொள்ளப்படும் குழு ஒப்பந்தங்கள். ஒப்பந்தம் மாறினாலோ முடிந்தாலோ நமக்கான பாதுகாப்பும் மாறும், முடியும். சென்ற ஆண்டு இருந்தது என்பதற்காக இவ்வாண்டும் இருக்கும் எனக் கொள்ளலாகாது.

இந்நான்கையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இவை முதன்மையாக விபத்துக்கு உரியவை. பயணத்தில் மூத்தோர் அஞ்ச வேண்டியதோ மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை திடீரெனத் தாழ்தல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு. இம்முரண்பாடு தற்செயலானதன்று. விபத்து எவருக்கும் அரிதாகவே நேர்வது. அதனால் கோடிக்கணக்கானோர்க்குச் சிறு தொகையில் அக்காப்பீட்டை அளிக்க முடிகிறது. நோயோ வயதோடு பெருகுவது. அதற்கான காப்பீட்டை 20 ரூபாய்க்கு எவராலும் தர இயலாது. குறைந்த விலையில் கிடைப்பதால் அது தீயதும் அன்று. கணக்கோடு வருவதால் அது போதுமானதும் அன்று. 20 ரூபாய்த் திட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். அதனை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். என் கருத்து இதுவே.

அப்படியானால் நோய்க்கு வழி என்ன? உள்நாட்டுப் பயணத்துக்குத் தேவை பயணக் காப்பீட்டைவிட நல்ல மருத்துவக் காப்பீடே. 70 வயது நிறைந்த அனைவர்க்கும், வருமான வரம்பு பாராமல், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29 அன்று அறிமுகம் செய்தது. அதனையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் பற்றி, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும், செல்லும் ஊரில் எந்த மருத்துவமனைகள் அதனை ஏற்கும் என்று புறப்படுமுன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாடு செல்வோர் தனிப் பயணக் காப்பீடு எடுப்பதே நன்று. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கான விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு கட்டாயம். கட்டாயம் இல்லாத நாடுகளிலும் மருத்துவமனைக் கட்டணம் நம் ஓய்வூதியத்துக்கு அடங்காது. 70 வயதைக் கடந்தோர்க்குக் கட்டணம் கூடும். ஆயினும் அவர்களுக்கான திட்டங்கள் உள்ளன. அவற்றை எடுக்கும்போது சர்க்கரை, இரத்த அழுத்தம், முன்பு செய்த இதய சிகிச்சை ஆகிய எதனையும் மறைக்காதீர்கள். கட்டணம் சிறிது குறையும் என்று மறைத்தவர், பின்னர் முழு இழப்பீட்டையும் இழக்க நேரும்.

வங்கிக்குச் செல்லும்போது நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். என் கணக்கில் என்னென்ன காப்பீடு உள்ளது? எந்த வயதோடு அது முடிகிறது? நோய்க்குப் பொருந்துமா, விபத்துக்கு மட்டுமா? அது செல்லுபடியாக நான் செய்ய வேண்டியது என்ன? உங்கள் இசைவின்றிக் காப்பீட்டுக் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தால் வங்கியிடம் எழுத்தில் முறையிடுங்கள். 30 நாள்களில் தீர்வு கிட்டாவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 14448 என்னும் எண்ணில் வழி கூறுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் மீது குறையிருப்பின் 155255 என்னும் எண்ணில் தெரிவிக்கலாம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. அங்கு முறையிடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 70ஆம் பிறந்தநாள் நெருங்கும் வாடிக்கையாளருக்கு, "உங்கள் விபத்துக் காப்பீடு இந்நாளோடு முடிகிறது" என்று தமிழில் ஒருவரிச் செய்தி அனுப்புவது பெருஞ்செலவன்று. கட்டணம் பிடிக்கும்போது செய்தி அனுப்ப முடிகிறதென்றால், பாதுகாப்பு நீங்கும்போதும் அனுப்ப முடியும்.

குடும்பத்தாருக்கு இறுதியாக ஒன்று. பெரியோரின் பயணப் பையில் மருந்துப் பட்டியல், அண்மைய மருத்துவ அறிக்கையின் நகல், காப்பீட்டு அட்டை, அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். அதன் மற்றொரு படி வீட்டில் இருக்கட்டும். எங்கள் பெரியப்பா அடுத்த ஆண்டு இராமேசுவரம் சென்றபோது பெரியம்மாவின் கைப்பையில் அப்படியோர் உறை இருந்தது. அதனைத் திறக்கும் தேவை நேரவில்லை.

பயணங்கள் இனிதாகுக.