குவாதலூப் தீவில் ஒரு விடுமுறை வீடு

விருந்தினரை வரவேற்பது எப்படி என்பதை நம் முன்னோர் நமக்கு நிறையவே கற்றுத் தந்துள்ளனர். விருந்தினராய்ச் சென்று நடந்துகொள்வது எப்படி என்பதை நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து பிரான்சு நாட்டில் குடியேறிய குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. அங்குள்ள பிள்ளைகள் விடுமுறைக்குக் கரீபியன் கடலின் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் செல்லும்போது பெற்றோரையும் உடன் அழைத்துக்கொள்வதுண்டு. தங்கும் விடுதியை விட ஒரு வீட்டையே வாரக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, சமைத்து உண்டு தங்குவது குடும்பத்திற்கு ஏற்றதும் சிக்கனமும் ஆகும். இத்தகைய வீட்டை அங்கே 'ஜீத்' என்பர். அத்தீவுகளுள் ஒன்றான குவாதலூப்பில் வாங்குவது, உண்பது, உடல்நலம் காப்பது பற்றி இம்மாதம் பார்ப்போம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1493-ஆம் ஆண்டு தம் இரண்டாம் பயணத்தில் இத்தீவைக் கண்ட கொலம்பஸ், ஸ்பெயின் நாட்டுக் குவாதலூப்பே மடத்தின் அன்னை மரியாவின் பெயரை இதற்குச் சூட்டினார். மெக்சிகோவின் குவாதலூப்பே அன்னையை நினைந்து இட்ட பெயர் என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். அந்தக் காட்சிக்கு உரிய ஆண்டு 1531. ஆகவே தீவின் பெயர் 38 ஆண்டுகள் மூத்தது. 1946 முதல் இத்தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். நாணயம் யூரோ, மொழி பிரெஞ்சும் கிரியோலும். இந்தியாவில் மாலை ஐந்தரை மணியாகும்போது அங்கே காலை எட்டு மணி.

நமக்கு இத்தீவு முற்றிலும் அந்நியமன்று. 1848-இல் அடிமை முறை ஒழிந்த பின்னர், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தனர். 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள், 'ஒரேலி' என்ற கப்பல் அவர்களின் முதற் கூட்டத்தைக் குவாதலூப்பில் கொண்டு சேர்த்தது. 1889 வரை வந்தோர் ஏறத்தாழ 42,000 பேர். அவர்களுள் தமிழர் பலர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் தமிழ் பேசுவதில்லை. ஆயினும் பெயர்களிலும் அடுப்பங்கரையிலும் தமிழ் ஒளிந்துகொண்டிருக்கிறது.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, நுழைவு அனுமதி. இத்தீவு பிரான்சின் பகுதியே ஆயினும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர், தம் கையிலுள்ள விசா இத்தீவுக்கும் செல்லுமா என்பதைத் தூதரகத்தில் கேட்டறிந்த பின்னரே பயணச்சீட்டு வாங்கவேண்டும். இரண்டாவது, பருவம். ஏறத்தாழ டிசம்பர் முடிவு முதல் மே வரை மழை குறைந்த காலம். தீவினர் இதனைக் 'கரேம்', அதாவது தவக்காலம், என்றே அழைப்பது நமக்குச் சுவையான செய்தி. ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். வாடகை மலிவாய் இருக்கிறதென்று செப்டம்பரில் வீடு எடுப்போர், புயல் வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.

மூன்றாவது, வீட்டைப் பற்றிய கேள்விகள். தண்ணீர்த் தொட்டி உண்டா என்பதே முதற் கேள்வியாயிருக்கட்டும். பழுதடைந்த குழாய்களில் பாதிக்கும் மேற்பட்ட குடிநீர் கசிந்து வீணாவதால், பல ஊர்களில் முறை வைத்துத் தண்ணீர் நிறுத்தப்படுகிறது. குடத்தில் நீர் பிடித்து வைக்கும் பழக்கமுள்ள நம் தாய்மார்களுக்கு இது புதிதன்று. அங்கே சென்றும் அப்பழக்கத்தைக் கைவிட வேண்டாம். கொசுவலை உண்டா, கடைத்தெரு எவ்வளவு தொலைவு என்பனவற்றையும் கேளுங்கள். பேருந்துகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அரிது. வாடகைக் கார் எடுப்போர், அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும் என்பதை மறவாதிருக்கட்டும்.

இனிக் கடைக்குப் போவோம். பெருங்கடைகளில் பாரிசில் கிடைப்பன யாவும் கிடைக்கும், விலைதான் மலைக்கவைக்கும். பிரெஞ்சு அரசின் புள்ளியியல் நிறுவனம் 2022-இல் கணக்கிட்டபடி, உணவுப்பொருள் விலை பிரான்சை விட இங்கே 42 விழுக்காடு அதிகம். பெரும்பாலானவை கடல் கடந்து வருவதும், இறக்குமதிப் பொருள்கள்மீது 'கடல் வரி' விதிக்கப்படுவதும், வாணிகம் சிலர் கையில் இருப்பதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 2009-ஆம் ஆண்டு விலைவாசியை எதிர்த்து மக்கள் 44 நாட்கள் பொது வேலைநிறுத்தம் செய்தனர். சுற்றுலா வந்தவருக்குப் பத்து நாள் சுமையாயிருப்பது அம்மக்களுக்கு ஆயுட்காலச் சுமை.

ஆதலால் பாலாடைக்கட்டியையும் ஆப்பிளையும் தேடாமல், தீவில் விளைவதை வாங்குவதே பணத்திற்கும் நல்லது, உழைப்பவனுக்கும் நல்லது. புவாந்த்-ஆ-பித்ர் நகரின் சேன்ட்-அந்துவான் சந்தைக்குக் காலையிலேயே செல்லுங்கள். சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, சீமைப்பலா, வெண்டை, பூசணி, வாழை ஆகிய நம் வீட்டுக் காய்கறிகள் அங்கே காத்திருக்கும். நம் சௌசௌவுக்கு அங்கே 'கிறிஸ்தோஃபின்' என்று பெயர். பட்டை, சாதிக்காய், வனிலா ஆகியனவும் உண்டு. விலை கேட்குமுன் 'போன்ஜூர்' என்று வணக்கம் கூறுவது அங்கே கட்டாய மரியாதை. வணக்கமின்றிப் பொருளைத் தொட்டு விலை கேட்பவரை விற்கும் அம்மையார் கண்டும் காணாதவர் போல் இருந்துவிடுவார், குற்றம் அவருடையதன்று. கிழங்கு விற்கும் மூதாட்டியிடம் அரை யூரோவுக்கு வாதாடவும் வேண்டாம்.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1972 முதல் 1993 வரை இத்தீவின் வாழைத் தோட்டங்களில் 'குளோர்தெக்கோன்' என்ற பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது. பிரான்சில் 1990-இலேயே தடை செய்யப்பட்ட பின்னரும் தீவுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்த நஞ்சு எளிதில் அழிவதில்லை. மண்ணிலும் ஆற்றிலும் தங்கிவிட்டது. ஆய்வு செய்தபோது தீவின் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலாக இரத்தத்தில் அது காணப்பட்டது. வாழைப்பழத்தில் அது ஏறுவதில்லை. மண்ணுக்குள் விளையும் கிழங்குகளிலேயே மிகுதியாய்ச் சேர்கிறது. ஆகவே எந்த நிலத்தில் விளைந்தது என்று தெரியாத கிழங்கைச் சாலையோரத்தில் வாங்காமல், பரிசோதனைக்கு உட்பட்ட சந்தையிலும் கடையிலும் வாங்குங்கள். ஆற்று மீனும் ஆற்று இறாலும் பிடித்து உண்ணவேண்டாம். இலாபத்திற்காக மண்ணை நஞ்சாக்கினால் அது எத்தனை தலைமுறையைத் தொடரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

கடல் மீன் வாங்க, அதே நகரின் 'தார்ஸ்' துறையில் காலையில் படகுகள் வரும் நேரம் செல்லலாம். எனினும் கடற்பாறைகளில் வாழும் சில பெரிய மீன்களில், குறிப்பாகச் சீலா இனத்தில், 'சிகுவாத்தேரா' என்னும் நஞ்சு இருக்கக்கூடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. ஆதலின் அறியாதவரிடம் வாங்காமல், மீன்பிடித்தலையே தொழிலாகக் கொண்டவரிடம் இன்ன மீன் என்று கேட்டு வாங்குங்கள்.

வெளியில் உண்ண விரும்பினால், எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து மீனோ கோழியோ வைத்துத் தரும் 'போக்கித்' மலிவானது, வயிறும் நிறையும். கருவாட்டு வடை போன்ற 'அக்ரா' மற்றொன்று. உயிர்ப்பு விழாவின்போது குடும்பங்கள் கடற்கரையில் கூடி, நண்டும் சோறும் சேர்ந்த 'மத்தேத்தே' உண்பது வழக்கம். உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்குப் பின் அடுப்பு அணைந்துவிடும். கரும்புச் சாராயம் அங்கே தண்ணீர்போல் ஊற்றப்படும். வண்டி ஓட்டும் தந்தையர் தம் பின்னால் அமர்ந்துள்ள பிள்ளைகளை எண்ணிக்கொள்ளட்டும்.

எல்லாவற்றினும் மேலாக, 'கொலொம்போ' என்ற உணவைக் கேட்டு உண்ணுங்கள். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு அரைத்த பொடியில் ஆட்டிறைச்சியோ கோழியோ வேகவைத்தது. அச்சொல் நம் 'குழம்பு' என்பதன் திரிபே என்பர். இன்று அது ஒரு சாராரின் உணவன்று. தீவு முழுவதற்கும் உரிய விருந்துணவு. ஆப்பிரிக்க வம்சத்தவரும் ஐரோப்பிய வம்சத்தவரும் அதைத் தம்முடையது என்றே கூறுவர். மொழியை இழந்தவர்கள் சுவையைக் காத்தார்கள்; காத்ததை மற்றவரோடு பகிர்ந்தும் கொண்டார்கள். அப்பொடியைச் சந்தையில் வாங்கி, வாடகை வீட்டில் நீங்களே சமைத்தும் பார்க்கலாம்.

உடல்நலம் பற்றிச் சில சொற்கள். கொசுவால் பரவும் டெங்கு அங்கும் உண்டு. மாலையில் கைகால்களை மூடிய உடை வேண்டும். கடற்கரையில் சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய் காய்க்கும் 'மான்செனில்லியே' மரம் கொடிய நச்சுமரம். காயைத் தின்பது மட்டுமன்று, மழைக்கு அதன் அடியில் ஒதுங்குவதும் தோலைப் புண்ணாக்கும். பல இடங்களில் அதன் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசியிருப்பர்; பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள். 2011 முதல் 'சர்காசம்' என்ற கடற்பாசி சில கரைகளில் குவிந்து அழுகி, கெட்ட வாயுவை விடுகிறது. மூச்சுத்தொல்லை உள்ளவர் அக்கரைகளில் வீடு எடுக்கலாகாது.

ஞாயிறு பிற்பகல் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பாலும் வாங்கி வைத்துவிட்டு, ஞாயிறு காலை அம்மக்களோடு திருப்பலியில் பங்குகொள்ளுங்கள். விழா நாட்களில் பெண்கள் அணியும் கட்டம் போட்ட துணிக்கு 'மத்ராஸ்' என்றே பெயர். நம் கடற்கரையிலிருந்து சென்ற துணி அது. இன்று தீவின் தேசிய உடையாகிவிட்டது. நினைவுப் பொருளாக வாங்குவோர், பருத்திதானா என்று பார்த்து வாங்குக.

அங்கே சிதம்பரம் என்ற நம் பெயரைத் தாங்கிய ஹென்றி சிதம்பரம் (1863–1952), ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டுமென்று 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். நாம் விடுமுறைக்கு இறங்கும் கரையில் அவருடைய முன்னோர் கூலிகளாய் இறங்கினர். அதை நினைவிற்கொண்டால், வீட்டைத் துடைக்க வரும் பெண்ணிடமும் மீன் விற்கும் முதியவரிடமும் நாம் பேசும் தொனியே மாறும். வாடகை செலுத்தியதால் வீடு சில நாட்களுக்கு நம்முடையதாகலாம். தீவு என்றும் அவர்களுடையதே. வந்தபோது இருந்ததைவிட வீட்டைத் தூய்மையாக வைத்து, அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு புறப்படுங்கள். நல்ல விருந்தினருக்கு அழகு அதுவே.