பழைய வண்டி: பழுதுக்கு யார் பொறுப்பு?

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவன்)

திருப்பூரில் சிறுதொழில் செய்யும் குடும்பங்களுக்குப் பழைய வண்டி ஆடம்பரமன்று. அது ஒரு தொழிற்கருவி. வெட்டிய துணிக் கட்டுகளைப் பனியன் கம்பெனியிலிருந்து எடுத்து வந்து, தைத்துத் திருப்பிக் கொடுக்க வண்டி வேண்டும். புதியது வாங்க வசதியில்லை. ஆறு பவர் டேபிள்களை வைத்துப் பிழைக்கும் என் தந்தையார், சென்ற ஆண்டு பழைய வண்டி வியாபாரி ஒருவரிடம் ஓர் ஆம்னி வேன் வாங்கினார்.

பதினெட்டாம் நாள் பல்லடம் சாலையில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், "இது நேத்து வந்த கோளாறில்லீங்க. முன்னாடியே ஒருக்கா கொதிச்சிருக்குது. கசிவை அடைக்கிற மருந்தை ஊத்தி வித்திருக்கறாங்க" என்றார். வியாபாரியிடம் போனோம். "ஓட்டிப் பார்த்துத்தானுங்க வாங்குனீங்க? உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!" என்றார். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் மெக்கானிக் கைக்குப் போயிற்று.

செலவு யாருடையது? இக்கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

"வாங்குபவனே, விழிப்பாயிரு" என்பது பழைய வணிக விதி. நம் காங்கயம் பகுதியின் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அது பொருந்தும். அங்கே வாங்குகிறவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். விற்பவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை வாங்குபவரும் கண்டுகொள்ள முடியும். ஆனால், மூடிய எஞ்சினுக்குப் பல் ஏது? பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் அடைத்து வைத்த கசிவு தெரியுமா?

நம் சட்டமும் இந்த வேறுபாட்டை அறியும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவில் பழைய விதியை ஏற்றாலும், விலக்குகளையும் தருகிறது. அப்பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், இன்ன பயனுக்கு என்று சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அப்பயனுக்குத் தகுதியாக இருக்கவேண்டும். வாங்குபவர் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளைப் பற்றி அவர் பின்னர் முறையிட முடியாது. "உள்ளது உள்ளபடி" என்று எழுதி இப்பொறுப்புகளை விலக்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பது மோசடி. எந்தக் கையெழுத்தும் மோசடிக்கு மூடியாகக் கூடாது.

எனவே என் கருத்து இது. கண்ணுக்குத் தெரியும் குறையும், டயர், பேட்டரி, கிளட்ச் போன்ற தேய்மானமும் வாங்கியவர் செலவு. தெரிந்தே மறைத்த குறை, விற்றவர் யாராயினும், அவர் செலவு. இருவருக்குமே தெரியாத குறை? சொந்த வண்டியை விற்ற தனி மனிதரென்றால் வாங்கியவர் ஏற்கட்டும். விற்பதே தொழிலென்றால், குறைந்தது மூன்று மாதத்துக்கு வியாபாரி ஏற்கட்டும். சோதிக்கும் வசதியும் ஆளும் அவரிடமே உண்டு, லாபமும் அவருக்கே. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, வியாபாரி விற்ற பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்றபோதே இருந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது வியாபாரியின் பொறுப்பு. பழைய காருக்கும் இது பொருந்தும்.

இதனால் வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். பொருளாதார மாணவ நண்பர்கள் ஆக்கர்லாஃபை நினைவுகூர வேண்டும். 1970இல் அவர் எழுதிய கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியதே. எது நல்லது, எது கெட்டது என்று தெரியாதபோது வாங்குபவர் நடுத்தர விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மாட்டார். முடிவில் சந்தையில் மிஞ்சுவது கெட்ட வண்டியே. 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மறைப்பவரால் நேர்மையான வியாபாரியும் கெடுகிறார் என்பதுதானே இதன் பொருள்?

வழியே இல்லை என்று நாம் சோர வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்கினாலும், சுயதொழிலால் பிழைக்க மட்டுமே வாங்குபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. ஆனால் வழக்குக்கு முன் விழிப்பு வேண்டும். நமக்கு வேண்டிய மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வோம். எஞ்சின் முன்பு பிரிக்கப்பட்டதா, கொதித்ததா, விபத்து உண்டா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குவோம். எழுதித் தர மறுப்பதும் ஒரு பதில்தான்.

இதையெல்லாம் வீட்டில் நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, என் தாயார் ஒன்று கேட்டார்: "போன தீபாவளிக்கு முன்னால நம்ம பழைய ஓவர்லாக் மிஷினை வித்தோமே, கண்ணு. அதுல எண்ணெய் கசிஞ்சு துணியில கறை பிடிக்கும்னு வாங்குனவங்ககிட்டச் சொன்னோமா?"

தந்தையார் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுநாள் காலை, கசிவைச் சரிசெய்யும் செலவை எடுத்துக்கொண்டு, வாங்கியவர் வீட்டுக்குத் தந்தையாரும் நானும் போனோம். வியாபாரியிடம் நியாயம் கேட்கும் உரிமை அன்றுதான் எங்களுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.