மூன்று வார இருமல்: சும்மா விடாதீர்கள்!

காலையில் தாம்பரம் – கடற்கரை மின்சார ரெயிலில் ஏறினால் பெட்டிக்கு ஒரு இருமல் கேட்கும். "என்ன அண்ணே, ரொம்ப நாளா இருமுறீங்களே?" என்பார் பக்கத்து சீட்காரர். "இது பீடி இருமல் தம்பி, இருபது வருஷமா இருக்கு" என்று பதில் வரும். பேச்சு அத்தோடு முடிந்து விடும்.

முடியக் கூடாது! நுரையீரல் புற்று நோய் பதுங்கி வருவது பல நேரம் இந்த இருமலுக்குப் பின்னால்தான்.

நுரையீரலின் உள்பகுதிக்கு வலி அவ்வளவாகத் தெரியாது. பூட்டிய வீட்டில் புகுந்த திருடன் போல கட்டி சத்தம் போடாமல் வளரும். மூச்சுக் குழாயை அடைத்த பிறகோ, நெஞ்சுக் கூட்டைத் தொட்ட பிறகோதான் ஆசாமி விழித்துக் கொள்கிறார்.

புது இருமல் 3 வாரம் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும். பழைய பீடி இருமலாக இருந்தாலும் அதன் சத்தமோ, வேகமோ மாறினால் போக வேண்டும். சளியில் நூல் போல ரத்தம் வந்தால் மறுநாள் என்ற பேச்சே கூடாது. காரணம் இல்லாமல் குரல் கம்முவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, பெல்ட்டில் புது ஓட்டை போடும் அளவுக்கு உடம்பு இளைப்பது, விரல் நுனி தடித்து நகம் வளைவது எல்லாமே எச்சரிக்கை மணிதான். சிலருக்குத் தோளும் கையும் வலிக்கும். கழுத்து எலும்பு தேய்மானம் என்று நினைத்து தைலம் தேய்த்துக் கொண்டிருப்பார்கள்.

டி.பி.யா, புற்றா?

நம் ஊரில் பெரிய குழப்பம் இங்கேதான். இருமல், ரத்தம், இளைப்பு என்றால் முதலில் டி.பி. ஞாபகம்தான் வரும். எக்ஸ்ரேயில் தெரியும் நிழலும் ஒன்று போலவே இருக்கும். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று டி.பி. மாத்திரை எழுதித் தருவது உண்டு. அந்த மாத்திரை 6 மாதக் கணக்கு. உள்ளே இருப்பது புற்று என்றால் அத்தனை மாதமும் அதற்கு இலவச அவகாசம்!

இதைப் படித்து விட்டு யாரும் டி.பி. மாத்திரையை நிறுத்தி விடக் கூடாது, அது வேறு ஆபத்து. 2 மாதம் சாப்பிட்டும் இருமல் குறையவில்லை, எடை ஏறவில்லை என்றால் "சி.டி. ஸ்கேன் பார்க்கலாமா சார்?" என்று வாய் விட்டுக் கேட்க வேண்டும். கட்டியில் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் விஷயம் உறுதியாகும்.

புற்று ரத்தம் வழியாகவும் நெறிக்கட்டு வழியாகவும் எலும்பு, மூளை, கல்லீரல் என்று போகும். முதுகு வலிக்கு எலும்பு டாக்டரையும், தலைவலிக்குக் கண் டாக்டரையும் பார்த்து அலைந்தவருக்கு, கடைசியில் வேர் நெஞ்சில் இருப்பது தெரிய வரும். பரவும் முன் பிடித்தால் அறுவை சிகிச்சையில் குணமாக வழி உண்டு. இங்கே பெரும்பாலோர் பரவிய பிறகுதான் வருகிறார்கள்.

ஆளுக்கு ஆள் மட்டும் இது தொற்றாது. நோயாளிக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு வைப்பது வீண் கொடுமை.

பீடி, சிகரெட்தான் முதல் குற்றவாளி. ஆனால் புகையே தொடாதவர்களுக்கும் வருகிறது. விறகு அடுப்புப் புகை, ஆஸ்பெஸ்டாஸ் தூசு, வீட்டுக்காரர் ஊதும் புகை இவற்றுக்கும் பங்கு உண்டு. பொது இடத்தில் புகை பிடிக்க 2008 அக்டோபர் 2-ந் தேதி முதல் தடை. பெட்டிக் கடையில் நூலில் தொங்கும் லைட்டருக்கு அந்தச் சட்டம் தெரியுமோ, என்னவோ!

அடையாறில் புற்று நோய் ஆஸ்பத்திரி 1954-லேயே வந்து விட்டது. முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்று சிகிச்சை இருக்கிறது. இடறுவது அங்கே போய்ச் சேரும் வழியில்தான். சளி பார்க்க ஒரு நாள், எக்ஸ்ரேக்கு ஒரு நாள், ஸ்கேன் தேதி வாங்க ஒரு நாள் என்று அலைய விட்டால், நாள் கூலிக்காரர் மூன்றாம் நாள் வர மாட்டார். சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த அன்றே, அதே சீட்டில் ஸ்கேனுக்கும் எழுதி, தேதியும் போட்டு கையில் கொடுக்க ஆஸ்பத்திரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.